சாம்பல் பூசிய கை

துருப்பிடித்த பெயிண்ட் டப்பா ஒன்று. அதில் பாதி வரை விறகுச் சாம்பல். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைக்க உட்காரும் முன் எல்லோரும் அதில் கைவிட்டுப் பூசிக்கொள்வோம். பூசாவிட்டால் கொட்டையின் மேலோட்டில் கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான் அங்கே ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன்.

எங்களோடு கொட்டை உடைத்தவர்களில் ஒருவரைக் கதைக்காரர் என்போம். வேலை செய்துகொண்டே, தானே கட்டிய கதையைச் சொல்வார். ஜமீன் பூட்டிவைத்த கண்மாய் மடையை ஒருவன் திறந்துவிடுகிறான். யார் திறந்தது என்று கேட்கும்போது, “நாந்தான் தொறந்தேன்” என்று முன்னால் வருகிறான். அவனைக் கொன்றுவிடுகிறார்கள். மறுநாள் ஊரே ஒவ்வொருவராக எழுந்து, “நாந்தான் தொறந்தேன்” என்கிறது. அந்த இடம் வந்தால் கொட்டை உடைக்கும் கட்டையைத் தரையில் தட்டி நாங்களும் சேர்ந்து கத்துவோம்.

கொட்டை வறுக்கும் டிரம்மில் ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியே பீய்ச்சிய சூட்டு எண்ணெயில் ஓர் அக்காவுக்கு ஒரு கண் போனது. மறுநாள் அதே டிரம்மை முதலாளி மூட்டச் சொன்னார். மற்றவர்கள் வந்து உட்காரும் முன் கதைக்காரரும் நானும் ஆளுக்கு இரண்டு குடம் தண்ணீரை அடுப்பில் ஊற்றினோம். சூட்டில் இருந்த டிரம் இரண்டாகப் பிளந்தது.

“எவன்டா அணைச்சது?” என்று வந்து நின்றார் முதலாளி.

“நாந்தாங்க அணைச்சேன்” என்று கதைக்காரர் எழுந்தார்.

“அண்ணே, இன்னிக்கு வெள்ளனவே கதைய ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது. அவர் கதைதான் சொல்கிறார் என்று நிஜமாகவே நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்தும் சிரித்தேன்.

முதலாளி சிரிக்கவில்லை. ஒரு மூட்டைக் கொட்டையைக் கதைக்காரர் முன் கொட்டச் சொன்னார். சாம்பல் டப்பாவைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார். “நாலு குடம் கெடக்கு, நீ ஒத்தையில ஊத்தல. வெறுங்கையில ஒட. கூட அணைச்சவன் எவனாச்சும் எந்திரிச்சா அப்ப நிறுத்திக்க. இல்லாட்டி எந்திரிச்சு அங்கிட்டுப் போயிரு, போலீசுல பேசிக்கிறேன்.”

கதைக்காரர் போகவில்லை, உடைத்தார். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கறுத்தது. பிறகு கொப்புளம் கண்டது, அதுவும் உடைந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் எழவும் இல்லை. தண்ணீர் கேட்டார், புகட்டினேன். “சாயந்தரத்துக்குள்ள ஒருத்தராவது எந்திரிப்பாங்கடா” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. பொழுது சாய்வதற்குள் மூட்டை முடிந்தது. விரல்களை மடக்க முடியாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி சாலைக்கு நடந்தார். அடுத்த வாரம் புது டிரம் வந்தது. அதன்பின் யாருக்கும் எண்ணெய் தெறிக்கவில்லை. அதை முதலில் மூட்டியவன் நான்.

போன மாசம் மீமிசலில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலைக்குப் போயிருந்தேன். மீன் இறங்கும் இடத்தில் அதே குரல் கேட்டது. விரல்கள் கொக்கிபோல் வளைந்து நின்றுவிட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வலை பிரிக்கும் பெண்களுக்கு மடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிகளுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கதையில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார்.

“மறுநா மொத ஆளா ஒரு பய எந்திரிச்சான். கையெல்லாம் சாம்பலு. நாந்தான் தொறந்தேன்னான்.”

பெண்கள் கைதட்டினார்கள். நான் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். சாம்பலைத் தொட்டு வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் பஸ்ஸில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.