‘நடுவீடு’ என்றொரு ஃபோல்டர்

என் சித்தி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். “உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாரு” என்று காலையெல்லாம் சொல்லும் அதே குரலில், பிற்பகலில் பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வாள். அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம், படுக்கையறையின் துணி அலமாரி. இரண்டு கதவையும் திறந்துபோட்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவே முகத்தை நுழைத்துக்கொள்வாள். எதிரொலி வராதாம். பின்னாலிருந்து பார்த்தால் சட்டைகளிடம் ரகசியம் சொல்வது போல இருக்கும்.

வீட்டுக் கூடத்தில் பெரிய கம்ப்யூட்டரின் முன்னால் சித்தப்பா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஊரே கேட்ட குரல் அது. தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு காற்று மட்டும்தான் மிச்சம். காதருகே குனிந்தால் சில சொற்கள் கிடைக்கும். ஆனால் காதுகள் அப்படியே இருக்கின்றன. சித்தி வாசித்ததில் இருமல், தடுமாற்றம், தெருவில் போன வண்டி எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்வது அவர் வேலை.

லேப்டாப்புக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கும் நடுவே, வீட்டு வைஃபையில், இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். பெயர் ‘நடுவீடு’. அவள் உள்ளே போடுவாள், அவர் எடுப்பார். சரிசெய்து திரும்ப வைப்பார். வைக்கும்போது கோப்பின் பெயரிலேயே பேசவும் செய்வார். ‘பாடம்4_குக்கர் விசில்’. ‘பாடம்6_நாய் உன்னைவிட நிதானமா வாசிக்குது’. கோப்பின் பெயரில் கேள்விக்குறி போட கம்ப்யூட்டர் விடாது. “அதனாலதான் இந்த மனுஷன் என்னைக் கேள்வி கேக்கறதே இல்ல, யார் செஞ்ச புண்ணியமோ” என்பாள் சித்தி. மாணவர்களுக்கு அனுப்பும்போது அந்த வால்களை எல்லாம் நறுக்கிவிட்டு ‘பாடம்4’ என்று மட்டும் அனுப்புவாள்.

அந்த வீட்டு மாடி அறையில் தங்கித்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன். அதிகம் பேசாதவனைப் பற்றி யாரும் கவலைப்படாத வீடு கிடைப்பது பெரிய கொடுப்பினை.

போன வாரம் அந்த வீட்டிலும் ஒரு சண்டை வந்தது. சித்தி உடல் அசதியோடு வாசித்த பாடம், ‘பாடம்11_தூங்கி வழியுது_மறுபடி’ என்று திரும்பி வந்தது.

“மறுபடியா?” படுக்கையறையிலிருந்தே கத்தினாள். “பொழுதன்னைக்கும் பல்லுவலிக்காரங்க புலம்பலைக் கேட்டுட்டு வந்து வாசிக்கறேன். இதுல அந்த ஃபோல்டரைத் திறந்தா ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் வேற கேக்குது. என் வீட்டுக்குள்ள போக நான் டிக்கெட் எடுக்கணுமா?”

கூடத்தில் சித்தப்பா ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிக் கேட்டுக்கொண்டார். பதிலுக்குக் கத்த அவருக்குக் குரல் இல்லை.

மறுநாள் பிற்பகல் கடைசிப் பாடத்தை, உர்ரென்ற முகத்தோடு, ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். அதற்காகக் காத்திருந்தவள் ஒரு சட்டக் கல்லூரி மாணவி, எங்களுக்கு வக்கீலம்மா. அடுத்த நாள் காலை அவளுக்குப் பரீட்சை. சித்தி ‘நடுவீடு’ மீது க்ளிக் செய்தாள். ஏதோ அறிவிப்பு வந்தது. மறுபடி க்ளிக். மறுபடியும் அதே.

“உள்நுழைய முடியாதாம்,” என்றாள் என்னிடம். முகம் சிவந்திருந்தது. “நேத்து ரெண்டு வார்த்தை பேசிட்டேன்னு பூட்டிட்டாரு பாரு.”

“பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடலாமே சித்தி?”

“குடுத்துடலாம். அதைக் கையில ஏந்திக்கிட்டு அவர் முன்னாடி போய் நிக்கணுமே! நான் மாட்டேன். வெட்டாம அப்படியே அனுப்பறேன்.”

நான் கூடத்துக்கு வந்தேன். சித்தப்பா ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காலியாக இருந்த ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் படுக்கையறைப் பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டைப் பிதுக்கினார். அவள்தான் கோபத்தில் அனுப்பாமல் இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சித்தியின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் வக்கீலம்மா.

“அத்தை, பாடம் வந்துடுமா?”

“இதோ. இந்தத் தடவை மாமா கை வைக்கல, அப்படியே அனுப்பறேம்மா.”

“ஐயோ, வேண்டாம் அத்தை! நான் ரெட்டை வேகத்துலதான் கேப்பேன். மாமா வெட்டலைன்னா நீங்க இருமறது குருவி சண்டை மாதிரி கேக்கும். சட்டம் எது, குருவி எதுன்னு தெரியாம என்னத்தை எழுதறது?”

சித்தி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“ஏங்க, எம்மேல கோவம்னா எங்கிட்ட காட்டுங்க. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? எதுக்குப் பூட்டினீங்க?”

சித்தப்பா திருதிருவென்று விழித்தார். லேப்டாப் திரையைப் பார்த்தார். அறிவிப்பின் மேல் விரலை வைத்து, வாசி என்று கையசைத்தார்.

“கணக்குக் கட்டுப்பாடுகள் காரணமாக இந்தப் பயனர் உள்நுழைய முடியாது.”

அவர் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. வாசிப்பதையே வேலையாகக் கொண்டவள் கோபத்தில் முதல் வரியோடு நிறுத்தியிருந்தாள்.

“எடுத்துக்காட்டாக, வெற்றுக் கடவுச்சொல் அனுமதிக்கப்படாது.” சித்தி நிமிர்ந்தாள். “பாஸ்வேர்டை எடுத்துட்டீங்களா?”

அவர் காற்றுக் குரலில் சொன்னார். அவள் குனிந்து கேட்டாள்.

“நீதானே... டிக்கெட் எடுக்கணுமான்னு... கேட்ட.”

பூட்டே இல்லாத கணக்குக்குள் வெளியிலிருந்து யாரையும் விடக்கூடாது என்பது அந்தக் கம்ப்யூட்டரின் விதி. அவளுக்காகக் கதவைத் திறந்துவைப்பதாக நினைத்து, அவர் அதை இழுத்துச் சாத்தியிருந்தார்.

சித்தி அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, “சரி, புதுசா ஒண்ணு போடுங்க. இந்தத் தடவை நான் ஞாபகம் வச்சுக்கச் சொல்லி டிக் பண்ணிக்கறேன்” என்றாள். அவர் புதிய சொல்லை அவள் காதில் சொன்னார். “இந்த வயசுல!” என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பாடம் கூடத்துக்குப் போனது. விளக்குப் போடும் நேரத்தில் ‘நடுவீடு’க்குத் திரும்பி வந்தது. சித்தி அவசர அவசரமாக வக்கீலம்மாவுக்கு அனுப்பிவைத்தாள். அந்த அவசரத்தில் வாலை நறுக்க மறந்துபோனாள்.

மறுநாள் பரீட்சை முடிந்து வக்கீலம்மா கூப்பிட்டாள். அன்றும் ஸ்பீக்கர்தான்.

“நல்லா எழுதிட்டேன் அத்தை. ஆனா நேத்து ஃபைலைத் தொட்டதும் என் ஃபோன் அதோட பேரை வாசிச்சுது பாருங்க, ‘பாடம் பன்னிரண்டு, ஒரு தப்பும் இல்ல, தினமும் கோபப்படு’ன்னு. பரீட்சை பயமெல்லாம் போய் அப்படிச் சிரிச்சேன்.”

“அச்சச்சோ,” என்று சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அது மாமா எனக்கு எழுதறதும்மா. இனிமே பாத்து எடுத்துட்டு அனுப்பறேன்.”

“எடுக்காதீங்க அத்தை. இத்தனை நாள் உங்க குரலை மட்டும்தான் கேட்டுட்டிருந்தேன். மாமா பேசி நேத்துதான் கேட்டேன்.”

சித்தப்பா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். படுக்கையறையில் லேப்டாப்பைத் திறந்தபோது ‘நடுவீடு’ எதுவும் கேட்காமல் சித்தியை உள்ளே விட்டது. அதில் ஒன்றுமே பதிவாகாத ஒரு வெற்றுக் கோப்பு இருந்தது.

‘வக்கீலம்மாவுக்கு_ரொம்ப நன்றி_மாமா’.

சித்தி அதை அப்படியே அனுப்பிவைத்தாள்.