பெரியப்பா பழக்கிய இருக்கை

என் பெரியப்பாவை இரக்கமுள்ளவர் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவருடைய இரக்கம் எத்தகையது என்பதை ஒன்பது வயதில் என் கையாலேயே எண்ணெய் தேய்த்து அறிந்தவள் நான்.

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு நலப்பணி செய்யும் கிராம சேவிகா வேலை கிடைத்திருந்தது. சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் சென்று வருவதற்காகக் குன்றாண்டார்கோவில் ஒன்றிய அலுவலகத்தார் அவளுக்கு ஒரு மிதிவண்டி கொடுத்தனர். ஐந்து ஊர்களையும் ஒழுங்காகச் சுற்றிவருகிறாள் என்று அதிகாரி நேரில் பார்த்து எழுதினால்தான் வேலை நிலைக்கும். வண்டியின் தோல் இருக்கையோ புத்தம் புதியது; தட்டினால் பலகையைப் போல ஓசை எழுப்பியது. முதல் வாரத்திலேயே அத்தையின் தொடைகள் புண்ணாயின. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு குப்புறப் படுப்பாள்; விடிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுப்பாள்.

அவளுடைய நடை பெரியப்பாவின் கண்ணுக்குத் தப்பவில்லை.

“ஏம்மா, வாத்து மாதிரி நடக்குறே? தோலு சீட்டுன்னா முரட்டு மாடு மாதிரி. நம்ம ஒடம்பு கனத்துக்குத்தான் படியும். ஒரு மாசம் நான் மிதிச்சுப் பழக்கித் தாரேன். அப்புறம் நீ மெத்தையில ஒக்காந்த மாதிரி போகலாம்.”

“புண்ணு ஆறிரும் அண்ணே. நானே பழகிக்கிறேன்.”

“நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?” என்றபடியே வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். தமையன் சொல்லுக்கு மறுசொல் அறியாத என் அப்பா சுவரைப் பார்த்தார்.

இருக்கைக்கு எண்ணெய் இடும் பணி எனக்கு வாய்த்தது. பள்ளி விட்டு வந்ததும் விளக்கெண்ணெயை இளஞ்சூடாக்கித் தோலின் மேலும் கீழும் தேய்ப்பேன். விரைவில் பதமானால் வண்டி விரைவில் அத்தையிடம் வந்துவிடும் அல்லவா? ஒரு கரண்டி போதும் என்றார் பெரியப்பா. நான் கிண்ணம் நிறைய இட்டேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “அத்தை, இன்னைக்கு நல்லா அமுங்குது!” என்று ஓடிப்போய்ச் சொல்வேன். மூன்று ஊர்களுக்குமேல் நடக்க இயலாமல் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும் அத்தை, “சரிடி ஆத்தா” என்பாள்.

ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. பெரியப்பா கீரனூர்ச் சந்தைக்கு அதில் போனார், கல்யாணங்களுக்குப் போனார், அடுத்த தெருவில் சவரம் செய்துகொள்ளவும் அதில்தான் போனார். பெண்கள் வண்டியில் போகிறாரே என்று எவரும் நகைக்கவில்லை. “தங்கச்சிக்காகச் சீட்டைப் பழக்குறேன்” என்பார். கேட்டவர்கள் நெகிழ்ந்து போனார்கள். அத்தை கேட்கும்போதெல்லாம், “இன்னும் பதம் வரலை” என்ற ஒரே விடை. வராமல் என்ன? அவர் எப்போதும் வலப்புறம் சாய்ந்தே அமர்வார். தோலில் இரண்டு குழிகள் விழுந்து, வலக்குழி ஆழமாகி, வெறும் வண்டியைப் பார்த்தாலும் அவரே அதன்மேல் அமர்ந்திருப்பதுபோல் இருந்தது.

அதிகாரி வரும் நாளும் வந்தது. அத்தை பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, வண்டி என்னோடது. குடுங்க.”

“எடுத்துக்கம்மா. வேணாம்னு யாரு சொன்னா?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அத்தை ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். என் எண்ணெயில் ஊறித் தொய்ந்த தோல் அவளுடைய சிறிய எடைக்கே நடுவில் தாழ்ந்தது. அடியிலிருந்த இரும்பு முட்டியது. பெரியப்பாவின் குழி அவளை வலப்பக்கம் தள்ளியது. கம்மாய்க்கரைத் திருப்பத்தில், எதிரே வந்த அதிகாரியின் ஜீப்புக்கு முன்னால், அத்தை சரிந்து விழுந்தாள்.

“என்னம்மா, சைக்கிள் ஓட்டவே தெரியலையே ஒங்களுக்கு?” என்றார் அதிகாரி. “இன்னும் ஒரு மாசம் பாக்குறேன். அப்புறம் வேற ஆளைப் போட்டுருவேன்.”

பின்தொடர்ந்து வந்த பெரியப்பா கைகட்டி நின்றார். “நாந்தான் அப்பவே சொன்னேனுங்க. பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒத்து வராதுன்னு.”

அவர் அப்போது அப்படி எதையும் சொல்லவில்லை. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து அவர்மேல் எறிந்தேன். அது ஜீப்பின்மேல் பட்டு உடைந்தது.

மறுநாள் காலையில், முழங்காலில் கட்டுடன் அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு கீரனூர் மிதிவண்டிக் கடைக்குப் போனாள். நானும் உடன் நடந்தேன்.

“நல்லாப் பழகுன பழைய சீட்டு ஒண்ணு கெடக்குங்க. நோகவே நோகாது” என்றார் கடைக்காரர்.

“வேணாங்க. யாரும் ஒக்காராத புதுசு போடுங்க.”

மீண்டும் பலகை, மீண்டும் புண். வண்டியை எவர் தொடவும் அத்தை விடவில்லை. பூட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டாள். ஐந்து ஊர்களையும் முதன்முதலாகச் சுற்றி முடித்து வந்த அன்று, இறங்கி நிற்க முடியாமல் கதவைப் பற்றிக்கொண்டாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. விளக்கெண்ணெயை இளஞ்சூடாக்கிக் கிண்ணத்தோடு வண்டியருகே போனேன்.

ஓங்கித் தட்டிவிட்டாள். கிண்ணம் முற்றத்தில் உருண்டது.

“தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!”

பெரியப்பாவிடம் ஒருநாளும் உயராத குரல் என்னிடம் உயர்ந்தது. மாதம் முடிந்து, அதிகாரி பார்த்து எழுதி, வேலை நிலைத்துவிட்டது என்று வீடே மகிழ்ந்தபோதும் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு நோகாமல் இருக்கத்தானே எண்ணெய் கொண்டுபோனேன் என்று பல நாள் பொருமிக்கொண்டிருந்தேன். பெரியப்பாவும் அதையே சொல்லித்தான் வண்டியை உருட்டிக்கொண்டு போனார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.