தக்காளிப் பாத்தியில் கற்கள்

அயலவர் வளவுக்குள் கல்லோ மண்ணோ கொட்டுவது குற்றம். அயலவர் கொட்டியதாகச் சந்தேகித்தால் முதலில் அவரோடு நேரில் பேசவேண்டும். தீராவிட்டால் மட்டுமே நகரசபைக்கு எழுதவேண்டும். ஊரில் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் இந்த ஒழுங்கை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வுபெற்றுக் கடல் கடந்து றிச்மண்ட் ஹில்லில் மகளின் வீட்டுக்கு வந்தபின், முதல் படியைத் தாண்டி நேரே இரண்டாவதில் ஏறினேன்.

1986 வசந்தத்தில், முந்திய வருடம் நான் கல் பொறுக்கித் துப்புரவாக்கிய தக்காளிப் பாத்தியில் தேங்காயளவு கற்கள் மறுபடி கிடந்தன. பக்கத்து வீட்டு மன்னார்க்காரர் வேலியோரம் கல் அடுக்கிப் பூமேடை கட்டியிருந்தார். எனக்கு அந்தச் சாட்சி போதும். முறைப்பாடு போனது.

ஜூனில் ஒரு நகரசபைப் பரிசோதகர் அளவுநாடாவோடு அவர் வளவுக்குள் இறங்கினார். அன்று மாலை மன்னார்க்காரர் வேலிக்கு வந்தார்.

“ஐயா, நான் எறியிறதெண்டால் உங்கட யன்னலுக்கெல்லோ எறிவன். தக்காளி எனக்கு என்ன செய்தது?”

உள்ளே போய்விட்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, வெள்ளிக்கிழமைகளில் என்னைப் பேவியூ வீதியிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனவர் இந்தக் கத்தோலிக்க அயலவர்தான். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார்.

“இண்டைக்கு எத்தினை கல்லு விழுந்தது, ஐயா?” என்றபடி கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

அவர் வராமல் விட்டிருந்தால் நான் நியாயமுள்ளவனாகவே இருந்திருப்பேன். வாரம் தவறாமல் வந்தார். நான் பின் சீற்றில் உட்காரப் பழகினேன்.

அடுத்த ஏப்ரலில் கோயில் வழியில் வீதியை அகலிக்க ஒரு மேட்டை வெட்டியிருந்தார்கள். சிவப்பு விளக்கில் கார் நின்றது. வெட்டுமுகத்தில் களி, மணல், கூழாங்கல், பாறை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஆறு என்றால் பருமன்படி பிரித்துப் போடும். இப்படி அள்ளிக் கொட்டுவது நகரும் பனிப்படலம். துருவத்துப் பனிவிளிம்பைப் புவியியல் பரீட்சைத் தாளில் வரைந்து அதிவிசேட சித்தி வாங்கியவன் நான். பனி கல்லையும் மண்ணையும் சுமந்துகொண்டு முன்னோக்கியே நகரும். வந்து சேரும் பனியும் உருகிப்போகும் பனியும் சமமானால் விளிம்பு ஓரிடத்தில் நின்றுவிடும். சுமை மட்டும் வந்து வந்து விழும். அந்தக் குவியலுக்கு மொரேன் என்று பெயர். அதன் முதுகில்தான் எங்கள் இரண்டு வீடும் இருந்தன. மாரிக் குளிரில் கல்லுக்கடியில் ஈரம் உறைந்து அதை மேலே தள்ளும். எறிந்தவர் எவருமில்லை.

“தம்பி, உந்தக் கல்லு அந்தக் காலத்து ஐஸ் கொண்டுவந்து விட்டது. ஒவ்வொரு விண்டரும் மேல வருகுது.”

“அப்ப ஐஸுக்கும் ஒரு பெட்டிசம் எழுதிப் போடுங்கோவன்.”

சிரித்தார். என் பக்கம் திரும்பவில்லை.

முறைப்பாட்டைத் திரும்பப்பெற வழி இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் காரணம் எழுதவேண்டும். எழுத வெட்கப்பட்டு நாளைக் கடத்தினேன். நகரசபையின் கடிதம் முந்திக்கொண்டது: கற்கள் இயற்கையானவை, முறைப்பாட்டுக்கு ஆதாரமில்லை, பிரதி அயலவருக்கும். வாசித்து முடிக்கையில் வாசலில் அவருடைய கார் ஹோர்ன் கேட்டது. 1987 மே 15, வெள்ளிக்கிழமை.