பெனிதா கேட்டில் போட்ட பூட்டு

பெனிதா ஹராமியோ தன் மான் வேட்டை அனுமதிச் சீட்டை டெக்சாஸ்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டு, நிலத்துக் கேட்டையும் பூட்டிவிட்டாள் என்று சாமா ஆற்றங்கரை மளிகைக் கடையில் முதலில் சொன்னவன் அதே ஊர் தெல்ஃபினோ. சாயங்காலத்துக்குள் பூட்டு இரண்டாகி, டெக்சாஸ்காரனுக்கு ஹெலிகாப்டரும் வந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்தால் கதை வேறு. பள்ளிப் பேருந்து ஓட்டும் பெனிதாவுக்கு வயது அறுபத்தொன்று. எல்க் மான் வேட்டைக்கான அரசாங்கக் குலுக்கலில் பத்தொன்பது வருடம் பெயர் போட்டும் ஒரு தடவைகூட விழவில்லை. தெல்ஃபினோ இந்த வருடம்தான் முதல் தடவை பெயர் போட்டான்; உடனே விழுந்தது. மான்களோ பெனிதாவின் குதிரைமசால் தீவன வயலில் தினமும் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தன.

அந்தத் தீனிக்கு ஈடாக, நிலம் வைத்திருப்பவர்களுக்கான சீட்டு ஒன்று இந்த வருடம் அவளுக்கு வந்தது. விற்கலாம், நல்ல விலை. அவள் விற்கவில்லை. தன் நிலத்துக்குள் மட்டும் வேட்டையா, மலை முழுக்கவா என்று கேட்டது படிவம். மலை என்றால், சீட்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் தன் கேட்டையும் திறந்துவிட வேண்டும். பத்தொன்பது வருடம் காத்திருந்தவள் கொல்லைப்புறத்தில் நின்றா சுடுவாள்? மலை என்றே எழுதினாள்.

ஐந்து நாள் வேட்டை. நான்கு நாள் மலையேறிக் கண்டது புழுக்கை மட்டும். மான்கள் அவள் வயலைவிட்டு நகரவே இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம், சுடாத துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். திறந்துவிட்ட கேட் திறந்தபடியே இருந்தது. உள்ளே, வாய்க்காலில் தெல்ஃபினோவின் பிக்கப் வண்டி மூக்குக் குப்புறக் கிடந்தது. வண்டியில் அவன் சுட்ட மான், பக்கத்தில் அவன்.

"பூட்டைப் பாக்க வந்தியாக்கும்?"

"ஆமாக்கா. பூட்டைக் காணோம். கையில சீட்டு இருந்துச்சு, எதிர்ல மான் நின்னுச்சு..."

"டெக்சாஸ்காரன் எங்கடா? ஹெலிகாப்டர்லயே போயிட்டானா?"

"ஹெலிகாப்டர் நான் சொன்னதில்லக்கா, சத்தியமா! வண்டிய இழுத்து விடு. நான் சொன்னது பொய்யின்னு அதே கடையில, எல்லாரும் கேக்கச் சொல்லிடுறேன்."

டிராக்டரை எடுக்கத் திரும்பினாள். வைக்கோல் கொட்டகை அருகே, கொம்பு விரித்த இன்னொரு ஆண் மான், வாய் நிறையக் குதிரைமசாலோடு இவர்கள் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

"அசையாதடா," என்றாள். தெல்ஃபினோ மூச்சையும் நிறுத்தினான்.

ஒரே தோட்டா.

பிறகு பெனிதா சேற்று பூட்ஸோடு வாய்க்கால் கரையில் ஆடிய ஆட்டத்தை மற்ற மான்கள்கூட மேய்ச்சலை விட்டுவிட்டுப் பார்த்தன. ஆடி முடித்துத்தான் அவன் வண்டியை இழுத்துவிட்டாள். மறுவாரம் அவள் பேருந்தில் வரும் பிள்ளைகள் வீடெல்லாம் பச்சை மிளகாயும் மான்கறியும் மணந்தது.

இப்போது தினமும் காலையில் தெல்ஃபினோ வீட்டு முன்னால் பேருந்து நின்று ஹாரன் அடிக்கிறது.

"கடையில சொல்லிட்டியாடா?"

கூட்டம் இருந்தால் அவனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். கூட்டம் இல்லையென்றால், யாரிடம் சொல்வதாம்?