செந்துறைக்குப் போன வழி: கோமதியின் ஆய்வும் முருகேசனின் சோறும்

கோயம்புத்தூரிலிருந்து பெரம்பலூருக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்றதும் பள்ளியில் எல்லோரும் ஒருமாதிரி பார்த்தார்கள். ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போய்வந்து இந்த வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஜூலை வெயிலில் பெரம்பலூரில் என்ன வேலை? வேலை இருந்தது. கோமதி வந்திருந்தாள்.

கோமதியும் நானும் திருச்சியில் எம்.எஸ்சி. படித்தபோது விடுதியில் ஒரே அறை. நான் வேதியியல் ஆசிரியையாகிவிட்டேன். அவள் வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தில், புற்றுநோய் செல்கள் எதைத் தின்று வளர்கின்றன என்று பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொந்த ஊர் செந்துறைப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் தாத்தா காலம்வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான். அப்பா ஆலத்தியூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றியவர். அந்த வீட்டுப் பெண்ணின் ஆய்வுக் கட்டுரையை இன்று பல நாட்டு ஆய்வகங்கள் மேற்கோள் காட்டுகின்றன. விடுமுறைக்கு வந்தவளைப் பெரம்பலூரில் ஒரு கல்லூரி பேச அழைத்திருந்தது. அதைச் சாக்காக வைத்து இரண்டு நாள் ஊர் சுற்றலாம் என்று கிளம்பினேன்.

வியாழன் இரவு திருச்சியில் தங்கி, வெள்ளி அதிகாலையில் சென்னை நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். பெரம்பலூருக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பஸ் நிலையத்தில் கோமதி வாடகைக் காரோடு நின்றாள். நாள் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு, டீசல் தனி. டிரைவர் ரஹீம் பாய் அதிகம் பேசாதவர். ஆனால் எந்தக் கடையில் பொங்கல் சூடாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பேச்சு பதினோரு மணிக்கு என்பதால் முதலில் ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனோம். பெரம்பலூரிலிருந்து வடக்கே அதே நெடுஞ்சாலையில் பதினேழு கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. பாறை சூடேறிவிட்டால் மேலே உட்கார முடியாது. நாங்கள் போன நேரத்தில் ஆடு மேய்க்கும் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. மேல்தளத்தில் காற்று நன்றாக வீசியது. உன் கட்டுரையை எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்று அங்கேதான் கேட்டேன்.

அவள் சொன்னதை என் மொழியில் தருகிறேன். புற்றுநோய் செல்லுக்குச் சர்க்கரை மேல் பெரிய பசி. இது பல காலமாகத் தெரிந்த விஷயம். சர்க்கரையே கிடைக்காமல் செய்தால் அது என்ன செய்யும் என்று ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை வைத்துப் பார்த்தார்கள் கோமதியும் உடன் வேலை செய்தவர்களும். பல செல்கள் சாகவில்லை. புரதத்திலிருந்து வரும் இன்னொரு பொருளை எடுத்துத் தின்று பிழைத்துக்கொண்டன. எந்தக் கதவு வழியாக அந்த இரண்டாவது சாப்பாடு உள்ளே போகிறது என்பதுதான் அவள் கண்டுபிடித்தது. நாலைந்து இடங்களில் வேறு ஆட்கள் அதே சோதனையைச் செய்து பார்த்து, அதே முடிவு வந்ததாக எழுதினார்கள். எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதைவிட, தெரியாத ஊரில் தெரியாத ஒருத்தர் செய்து பார்த்தும் அது நின்றது, அதுதான் நிம்மதி என்றாள். இப்போது இரண்டு கதவையும் ஒன்றாக அடைக்கும் மருந்துக்கு வேறு குழுக்கள் முயல்கின்றன. நோயாளிகளிடம் வருவதற்கு இன்னும் வெகுதூரம்.

கல்லூரிப் பேச்சு நன்றாகவே போனது. கேள்விகள் எல்லாம் வெளிநாட்டில் எப்படி இடம் கிடைக்கும் என்பதைப் பற்றித்தான். கூட்டம் கலைந்தபிறகும் கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் வளர்மதி. செந்துறைப் பக்கம் கோமதியின் ஊருக்கு மூன்று ஊர் தள்ளி. பேச்சு நடப்பதை வாட்ஸ்ஆப்பில் பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தயங்கித் தயங்கி போனை நீட்டினார்.

அதில் ஒரு வீடியோ. கோமதியின் படம். பின்னால் ஓர் ஆண் குரல். சர்க்கரையையும் சோற்றையும் நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும், மருந்தே வேண்டாம், நம் அரியலூர் மாவட்டத்து விஞ்ஞானி கண்டுபிடித்துவிட்டார் என்றது அந்தக் குரல்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு இதப் பாத்துட்டு ஆறு வாரமா சோறு திங்கல. கீமோவுக்கும் போவல. கீரையும் பாவக்காயுந்தான். ஆளு பாதியாயிட்டாரு. ஒரு இட்லியாச்சும் குடுக்கலாமான்னு உங்ககிட்டயே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கோமதி அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தாள். எங்களுக்குக் கல்லூரியில் மதியச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. அவள் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வளர்மதியைக் காரில் ஏற்றினாள். நீ டாக்டர் இல்லையே, போய் என்ன சொல்வாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"என் பேரச் சொல்லி ஒருத்தர் பட்டினி கெடக்குறாருடி. போகாம எப்படி இருக்கறது?" என்றாள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து செந்துறை இருபதுக்குள். அரியலூரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வரும். எருக்கஞ்செடி இலை எல்லாம் புழுதி படிந்து வெள்ளையாக இருக்கும். வழியில் வளர்மதி சொன்னார்: கணவர் முருகேசன் அந்த லாரிகளில் ஒன்றைத்தான் இருபது வருடமாக ஓட்டினார். பெருங்குடலில் கட்டி. பிப்ரவரியில் அறுவை சிகிச்சை. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான்கு முறை போனவர் ஐந்தாவது முறைக்குக் கிளம்பவில்லை.

முருகேசன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சட்டை அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வீடியோவில் பார்த்த முகம் வாசலில் நிற்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. உட்கார நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடப் போனவரைக் கோமதி தடுத்தாள். படம் என்னுடையது, பேச்சு என்னுடையது இல்லை என்று முதலில் சொன்னாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

"அது சக்கரையத்தான் திங்குதுன்னு நீங்கதான மேடம் எழுதிருக்கீங்க?"

"ஆமாண்ணே, திங்குது. ஆனா நீங்க சாப்பாட்ட நிறுத்துனா அது நிறுத்தாது. ஒடம்பே சதையக் கரைச்சுச் சக்கர பண்ணும், அத எடுத்துக்கும். சக்கர இல்லன்னாலும் வேற வழி கண்டுபுடிக்குது. நான் எழுதுனது அதத்தான். நீங்க பட்டினி கெடந்தா எளைக்கிறது நீங்கதான்."

அப்படியென்றால் நீங்கள் கண்டுபிடித்தது என்னைப் போன்றவனுக்கு எதற்கு ஆகும் என்று முருகேசன் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இன்னிக்கு உங்களுக்கு ஆகாதுண்ணே," என்றாள் கோமதி. "மருந்தா வரணும்னா இன்னும் எத்தனையோ வருசம். வராமலும் போலாம். இன்னிக்கு உங்களுக்கு ஒதவுறது நீங்க விட்டுட்டு வந்த அந்த மருந்துதான்."

பதினான்கு வருட உழைப்பைப் பற்றி இப்படிச் சொல்ல அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளோ அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்மதி கொடுத்த வெந்நீர் டம்ளரை அவர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார். விரல்கள் அதில் படியவே இல்லை. விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டாள். அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"மூணாவது ஊசிக்கே ஆரம்பிச்சிருச்சு. சாவியப் புடிச்சா தெரியல. ஸ்டீரிங்கு புடிக்க முடியாதவன் பொழச்சு என்னங்க பண்றது? இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தப்ப அந்த வீடியோ வந்துச்சு."

வளர்மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு வாரமாக அவர் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது இதற்காக. என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

அந்த மருந்துக்கு விரல் மரத்துப்போவது பலருக்கும் வருவதுதான், டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார் என்றாள் கோமதி. அதைச் சொல்லலாம் என்றே முருகேசனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தாங்கிக்கொள்ள வேண்டியதில் அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தார். கோமதி அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் செய்து மறுநாள் காலை நேரம் வாங்கினாள். அதோடு, என்ன கொடுக்கலாம் என்றும் அவர்களிடமே கேட்டாள். சாப்பிடலாம், ஆனால் வெகுநாளாகச் சரியாகச் சாப்பிடாத உடம்பு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார்கள்.

வளர்மதி சோறு வடித்தார். முருகேசன் ரசம் ஊற்றிப் பிசைந்து நான்கைந்து வாய் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் கோமதியை ஒருமுறை பார்த்தார். ரஹீம் பாய் வெளியே கார் அருகில் நின்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை அரியலூரில் ரயிலேறி நால்வரும் திருச்சி போனோம். டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்தார். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், விரலைக் கெடுக்கும் மருந்தை இனிக் கொடுக்கப்போவதில்லை, மற்றது போதும் என்றார். மரத்துப்போனது முழுதாகச் சரியாகுமா என்று முருகேசன் கேட்டதற்கு, பலருக்கும் மெல்லக் குறையும், உறுதி சொல்ல முடியாது என்றார். திரும்பும்போது முருகேசன் கோமதியை மேடம் என்று சொல்வதை விட்டிருந்தார். தங்கச்சி ஆகியிருந்தாள்.

அன்று மாலையே கோமதி என் போனில் தமிழில் ஒரு சின்ன வீடியோ எடுத்து வெளியிட்டாள். பழையது பரவிய அளவுக்கு அது பரவவில்லை. பழையதை நீக்கச் சொல்லி எழுதியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபருக்குப் பிறகு போங்கள், ஜூலை வேண்டாம். பெரம்பலூரில் தங்கினால் ரஞ்சன்குடி காலையில் முடியும். செந்துறைக்கு அரியலூரிலிருந்து பஸ் உண்டு. மதியத்தில் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். லாரிகள் ஓடும் சாலையில் இருசக்கர வண்டி வேண்டாம். இன்னொன்று, பயணத்துக்குச் சம்பந்தமில்லாதது: வீட்டில் யாராவது சிகிச்சையை நிறுத்துகிறேன் என்றால் வீடியோவைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். உடம்பில் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

இதை நான் எழுதுவதற்குள் முருகேசன் மீதி மருந்தை ஏற்றி முடித்துவிட்டார். போன மாதம் எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. இன்னும் லாரி எடுக்கவில்லை. கல் ஏற்றும் இடத்தில் வண்டிகளை வரிசைப்படுத்தும் வேலை பார்க்கிறார். வளர்மதி போனில் ஒரு சம்பவம் சொன்னார். கடைசி முறை மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படுக்கைக்காரர் அதே பழைய வீடியோவை இவரிடம் நீட்டி, நீங்களும் இதைச் செய்து பாருங்கள் என்றாராம். தன் மனைவி கொண்டுவந்திருந்த இட்லியை அந்த மனிதர் தொடவே இல்லை. முருகேசன் போனை வாங்கிப் படத்தைக் காட்டிச் சொன்னாராம்:

"இந்தப் புள்ள எங்க வூட்டுக்கே வந்துச்சுங்க. சோறு திங்கச் சொல்லிட்டுத்தான் போச்சு. நீங்க மொதல்ல இட்லியத் தின்னுங்க, மிச்சத்த டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."