உறைந்துபோன வீடியோ

பாம்பனில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரில் எல்லாமே லினக்ஸ் கணினிகள். கடலில் மீனவர்கள் அடிபட்ட செய்தி பரவியதும், கடலுக்குப் போயிருந்த தன் தம்பியைப் பற்றி அறிய சூசை அண்ணன் ஓடிவந்தார். அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே, அவன் போன படகின் முதலாளியும் கூட வந்தார். இணையத்தில் செய்தி வீடியோவைப் போட்டேன். தம்பி படகில் ரத்தத்தோடு கிடந்தான். படம் அப்படியே உறைந்து நின்றது.

“ஒண்ணுமில்லன்னு சொன்னியேடா! செத்துல்ல கெடக்கான்!” என்று முதலாளியைச் சுவரில் மோதவைத்து, கழுத்தை நெரித்தார் சூசை. முதலாளியின் கண்கள் பிதுங்கின.

“விடுங்கண்ணே, வீடியோதான் நின்னுருச்சு!” என்று கத்தியபடியே, கட்டளை தட்டும் டெர்மினல் திரையைத் திறந்து வீடியோ பிளேயரை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். தம்பி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தான். சூசையின் பிடி தளர்ந்தது. முதலாளி தரையில் சரிந்து மூச்சுக்குத் தவித்தார்.

இப்போதெல்லாம் இந்த மாதிரி செய்தி வீடியோவை முழுதாகப் பதிவிறங்கவிட்டு, கடைசிவரை நானே பார்த்த பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிடுகிறேன். யார் எவ்வளவு தட்டினாலும், அதுவரை கடைக்கதவு தாழிட்டபடிதான்.