சகனில் ஓர் இடம்

இந்துத் தமிழர் ஊரான வீரமுனையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் முஸ்லிம் பாடசாலையில் கற்பிக்கும் தோழி, என் மகளின் திருமணத்துக்கு நான் அழைத்தபோதே நிபந்தனை போட்டுவிட்டார்: "மேசை கீசை எண்டு என்னைத் தள்ளி இருத்தினா நான் வரமாட்டன். உங்களோட சகன்லதான் சாப்பிடுவன்."

ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து பலர் சேர்ந்து உண்பதே சகன். பல ஆண்டுகளாக ஆசிரியர் அறையில் என் சோற்றில் பாதியை உண்டவருக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. எனக்கும்தான். மாட்டிறைச்சி இல்லாமல், கோழிக் கறியோடு ஒரு சகன் வைக்கச் சொல்லியிருந்தேன்.

கல்முனையில் எங்கள் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்திருந்தது. கை கழுவி, சேலையை ஒதுக்கிக்கொண்டு அவர் என்னருகே அமர்ந்தார். எதிரே என் மைத்துனியும் உறவுக்காரப் பெண்ணொருத்தியும். சகன் வந்து நடுவே இறங்கியது. யாரும் கை வைக்கவில்லை. பசியில்லை என்று மைத்துனி எழுந்துகொண்டாள். மற்றவள் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"நம்மட ஊட்டுல தண்ணி குடிக்கவே அவங்கட ஆக்கள் யோசிப்பாங்க. இவவுக்கு மட்டும் என்னத்துக்கு சகன்?"

உம்மாவின் தங்கையான என் சாச்சி விரைந்து வந்தார். அவளை அதட்டுவார் என்று நம்பினேன். அவரோ தோழியின் தோளை அன்போடு தடவினார்.

"கீழ இரிந்தா கால் நோகும் டீச்சர். ஒங்களுக்கெண்டே மேசையில புதுப் பீங்கான் வெச்சிரிக்கன். வாங்க மகள்."

தோழி எழுந்தார். கழுவிய கையின் ஈரம் இன்னும் காயவில்லை. பின்னால் போய் அவரருகே அமர முயன்றேன்.

"நீங்க போங்க. உங்கட ஆக்கள் பாத்துக்கொண்டு இருக்காங்க."

'உங்கட ஆக்கள்': எங்களுக்கிடையே அவர் அதுவரை பயன்படுத்தாத சொல் அது.

விருந்து முடிந்ததும் சாச்சி என்னிடம் வந்தார். "டீச்சருக்கு ஒரு குறையும் வெக்கல்ல. எவ்வளவு வடிவாக் கவனிச்சன், பாத்தியா?" உறவுக்காரப் பெண்ணைக் கடிந்துகொள்ள என்னிடம் சொற்கள் இருந்தன. சாச்சியின் நிறைந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

அண்மையில் தம்பி மகனின் திருமணத்துக்கும் தோழியை அழைத்தேன். முதல் நாளே வந்து, பரிசைக் கொடுத்து, தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார். நாளைக்கு வேலை என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை ஏதும் இல்லையென்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியுமென்பது அவருக்கும் தெரியும். நான் வற்புறுத்தவில்லை. வந்தால் அவரை எங்கே அமர்த்துவேன்?